கூட்டத்தைக் காட்டு

விளையாட்டு ஒளிபரப்பில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு மரியாதை உண்டு. மைதானத்தில் ஒருவன் அசையாமல் கிடந்தால் கமெராவை அவன்மேல் வைத்திருக்கக் கூடாது. அவன் விழுந்ததைத் திரும்பப் போடக் கூடாது. எழும்பி உட்காரும்வரை கூட்டத்தைக் காட்ட வேண்டும். கொடி பிடிக்கிறவர்கள், மழைக்கோட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் கிழவர்கள், சின்னப்பிள்ளைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் அவனுடைய தாய் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் காரணம். இது எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை, வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கைக்குப் பழகிவிடும். மற்றப்படி அந்தத் தொழிலில் மரியாதையை விளக்குப் பிடித்துத்தான் தேட வேண்டும். அதனாலேயே இருக்கிற இந்த ஒன்றை எல்லாரும் பொத்திப் பொத்திக் காத்தார்கள்.

மதுஜாவுக்கும் அது கையில் ஊறியிருந்தது. சுவிற்சர்லாந்தின் சூக் நகரில், வெளியிலிருந்து பார்த்தால் பல் வைத்தியசாலை மாதிரி இருக்கும் ஒரு கட்டடத்தில், அவள் றீப்ளே மேசையில் வேலை செய்தாள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க, தன் சின்னத் திரையில் பின்னுக்கு ஓட்டிப் பார்த்து, எதைத் திரும்பப் போடலாம் என்று வெட்டிக் கொடுக்கும் வேலை. சுவிசிலேயே பிறந்து வளர்ந்தவள், றக்பிப் பந்தை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. சூக்கில் றக்பி லீக் என்று சொன்னால் ஏதோ காப்புறுதிக் கம்பனி என்று நினைப்பார்கள். அவளோ அந்தப் பதின்மூன்று பேர் ஆட்டத்தில் யார் எந்தக் காலால் உதைப்பான் என்றுவரை சொல்லுவாள்.

அவளை அங்கே சேர்த்துவிட்டவன் அண்ணன் அபிஷன். அந்த நிறுவனத்தில் ஒளிபரப்பு ஒப்பந்தங்களைப் பேசி முடிக்கிறவன். வாய்ப் பேச்சால் பிழைக்கிறவன் என்று அவனைச் சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது நியாயமில்லை. தகப்பன் இல்லாத வீடு அது. தாய்க்கு அந்த ஊர் டொச் மொழி வராது. மதுஜாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம், மீசை அரும்பாத வயதில், பெரியவர்களுக்கு நடுவே கொப்பியும் கையுமாகப் போய் உட்கார்ந்தவன் அவன். அதை அவள் மறந்ததில்லை. மறக்க முடியாதது பிறகு கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

இங்கிலாந்தின் வடக்கே றக்பி லீக்கின் இரண்டாம் பிரிவு ஒன்று. அதை ஒளிபரப்பிய பெரிய சனல், ஒப்பந்தம் முடிந்ததும் கைவிரித்துவிட்டது. சும்மா தந்தாலும் படம் பிடிக்கிற செலவுக்குக் கட்டாது என்றது. ரீவியில் வராவிட்டால் விளம்பரக்காரன் வரமாட்டான், விளம்பரக்காரன் வராவிட்டால் பாதிக் கழகங்கள் இழுத்து மூட வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் அபிஷன் உள்ளே புகுந்தான். மைதானத்தில் மூன்று கமெராக்களும் அவற்றைப் பிடிக்க மூன்று பேரும் மட்டும், மிச்ச வேலையெல்லாம் சூக்கிலிருந்து. அதோடு படம் அனுப்ப இரண்டு லைனுக்குப் பதில் ஒரே லைன். ஒப்பந்தம் முடிந்தது. ஒரு விளையாட்டையே காப்பாற்றியவன் என்று பத்திரிகையில் அவன் படம்கூட வந்தது.

வெட்டுப்பட்ட அந்த இரண்டாவது லைன் மைதான டொக்டருக்கு உரியது. கோட்டோரம் அவருக்கு ஒரு சின்னத் திரை வைத்திருப்பார்கள். தலையில் அடிபட்டவனை ஆடவிடலாமா, வெளியே எடுக்க வேண்டுமா என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். முன்பெல்லாம் ஒளிபரப்புக்குப் போகாத காட்சியும் தனி லைனில் தானாகவே அவருக்குப் போய்விடும். ஊருக்குக் கூட்டம், டொக்டருக்கு அடி. றீப்ளே மேசையில் இருக்கிறவள் மனச்சாட்சி உறுத்தாமல் கூட்டத்தைக் காட்டலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது மதுஜா அதைக் கேட்கவும் செய்தாள்.

"அப்ப டொக்டருக்குப் படம் போகாதோ, அண்ணா?"

"போகும். நீங்கள் வெளியில விடுற றீப்ளே எல்லாம் அவருக்கும் போகும். லைன் ஒண்டு, அவ்வளவுதான்."

"வெளியில விடாதது?"

"அடிபட்டா அதை விடு. உன்ர கையிலதானே இருக்கு. சாப்பிடு, ஆறுது."

அவள் சாப்பிட்டாள்.

பருவம் தொடங்கிச் சில ஆட்டங்கள் போயிருக்கும். மழைநாள், பிற்பகல். லூக் என்று ஓர் இளைஞன், பந்தோடு நேரே ஓடினான். எதிர்ப்பக்கத்தவனின் தோள் அவன் தாடையில் மோதியது. விழுந்தான். இயக்குநர் ரேட்டோ, சூக்கில் அவளுக்குப் பின்னால் இருந்தபடி, வழக்கம்போலச் சொன்னான்.

"கூட்டத்தைக் காட்டு."

காட்டினார்கள். மதுஜா தன் சின்னத் திரையில் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். அடி கமெராவில் தெளிவாக விழுந்திருந்தது. தோள் பட்ட கணமே லூக்கின் இரண்டு கைகளும் அந்தரத்தில் விறைத்து நின்றன, நிலத்தில் படும்போதும் மடங்கவில்லை. அறிவு தப்பினவனின் கைதான் அப்படி நிற்கும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். டொக்டர் பார்த்திருப்பார் என்று நினைத்தாள். பழைய நினைப்பு, பழைய கை. லைன் ஒன்றுதான் என்பது அந்த நேரத்தில் அவள் மண்டையில் ஏறவே இல்லை. வெளியே விடாமல் வெட்டி ஓரமாக வைத்துவிட்டாள்.

டொக்டர் அப்போது மைதானத்தின் மறுகரையில் வேறொருவனின் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஓடிவந்து திரையைப் பார்த்தபோது அதில் கூட்டத்திலிருந்த ஒரு குழந்தை தெரிந்தது. அடிபட்ட காட்சிக்காகக் காத்து நின்றார். வரவில்லை. எந்தக் கமெராவிலும் விழவில்லையாக்கும் என்று எண்ணினார். லூக் எழும்பி நின்று, ஒன்றுமில்லை என்று கையசைத்தான். ஆட்டம் தொடர்ந்தது.

இரண்டாவது முறை பட்டது பெரிய அடிகூட இல்லை. ஆனால் அவன் எழும்பவில்லை. திரும்பவும் கூட்டத்தைக் காட்டினார்கள், இந்தமுறை நெடுநேரம். அந்தக் கிழமை முடியுமுன்பே ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம் என்று சொன்னால் பாவம், ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒரு பத்திரிகை, விழுந்த பிள்ளையின் முகத்தை விற்காத ஒளிபரப்பாளர்களின் கண்ணியத்தைப் பாராட்டி ஒரு பந்தி எழுதியது. அபிஷன் அதை நிறுவனம் முழுவதற்கும் அனுப்பினான். மதுஜா அதைப் பாதிவரை வாசித்துவிட்டு அழித்தாள்.

மரண விசாரணை தொடங்க மாதங்கள் ஆயின. அதற்குள் மூலப் பதிவு வழக்கப்படி அழிந்துவிட்டது. படம் வரவில்லை என்றார் டொக்டர். வருவதற்குப் படமே இருக்கவில்லை என்றது நிறுவனம். பழி மெல்ல மெல்ல அந்த மனிதரின் தலையில் இறங்கியது. அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். சூக்கிலிருந்து வீடியோவில் சாட்சி சொல்லும்படி மதுஜாவுக்கு அழைப்பு வந்தது.

அபிஷன் அவள் வீட்டுக்கு வந்தான். கோட்டைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் உட்கார்ந்தான்.

"மூண்டு கமெராதான். ஒண்டிலயும் அது விழேல்ல. நீ இவ்வளவும்தான் சொல்லோணும்."

"விழுந்தது, அண்ணா. நான் பாத்தனான்."

"நீ பாத்தது உனக்கு மட்டும்தான் தெரியும்."

"அந்த டொக்டரிலயெல்லோ பழி போகுது."

"அவருக்குச் சங்கம் இருக்கு, லோயர் இருக்கு. எனக்கு ஆர் இருக்கினம்? லைனை வெட்டினது நான் எண்டு வந்தா என்னை உள்ளுக்குப் போட்டிடுவாங்கள். உன்னை மட்டும் சும்மா விடுவினமோ? ஏன் அனுப்பேல்ல எண்டு கேப்பினம்."

சொல்லிவிட்டுக் கையால் முகத்தை மூடினான். தோள் குலுங்கியது. தகப்பனின் செத்தவீட்டில்கூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை. பெற்றோர் கூட்டத்தில் கொப்பியோடு இருந்த பையன் அவள் கண்ணுக்குள் வந்து நின்றான்.

"சரி, அழாதை. நான் சொல்லுறன்" என்றாள்.

விசாரணை நாளன்று நிறுவனத்தின் கூட்ட அறையில் அவளை உட்கார்த்தினார்கள். சாட்சியோடு ஒருவர் இருக்கலாம் என்று அபிஷன் அனுமதி வாங்கியிருந்தான். கமெராவுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில் இருந்தான். திரையில் ஆங்கில ஊர் ஒன்றின் மண்டபம் தெரிந்தது. விசாரணை அதிகாரி கேள்வியைத் தொடங்குமுன், லூக்கின் தாய் ஏதோ சொல்ல விரும்புவதாகச் சொன்னார்.

கட்டையான ஒரு பெண் எழுந்தாள். சம்பிரதாயத்துக்கு வாங்கின கறுப்புச் சட்டை, கழுத்து விளிம்பில் விலைச்சீட்டு இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் மதுஜாவைப் பார்த்துப் பேசினாள்.

"நான் எப்போதும் மைதானத்துக்குப் போவேன். அன்று மழை. ரீவியில்தான் வருகிறதே என்று வீட்டில் இருந்துவிட்டேன். அவன் விழுந்தபோது நீங்கள் ஒரு குழந்தையைக் காட்டினீர்கள். அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிப்ஸ் தின்றது. தொப்பி கண்ணை மறைக்க, வாயைத் தேடிக் கன்னத்தில் குத்திக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் பிள்ளை அடிபட்ட காட்சி என் கண்ணில் இல்லை. எல்லாம் போன பிறகு எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். யாரோ எனக்காக யோசித்திருக்கிறார்கள். அது நீங்கள் என்று சொன்னார்கள். நன்றி."

அவள் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் மதுஜா பொய் சொல்லியிருப்பாள். காறித் துப்பியிருந்தாலும் சொல்லியிருப்பாள். நன்றிக்கு அவள் ஆயத்தமாக வரவில்லை.

"அடி பட்ட காட்சி எந்தக் கமெராவிலாவது பதிவானதா?" என்று கேட்டார் அதிகாரி.

கமெராவுக்குப் பின்னால் அபிஷன் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினான்.

"பதிவானது. நான் பார்த்தேன். கைகள் விறைத்து நின்றன" என்றாள் மதுஜா. பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டு லைன் இருந்ததையும், ஒன்றை வெட்டியதையும், யார் வெட்டியது என்பதையும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டையும், தன் கை பழைய பழக்கத்தில் செய்ததையும் சொன்னாள். டொக்டரின் திரையில் அந்த நேரம் என்ன இருந்தது என்று கேட்டார்கள்.

"அந்தக் குழந்தைதான். ஊர் பார்த்ததைத்தான் அவரும் பார்த்தார்."

லூக்கின் தாய் கணக்குத் தெரியாத பிள்ளை மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியது முகத்தில் தெரிந்தபோது மதுஜா கண்ணை எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அங்கே காட்டுவதற்குக் கூட்டம் எதுவும் இருக்கவில்லை.

தாய் திரும்பவும் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்படியென்றால் நீங்கள் அதைக் காட்டியிருந்தால் அவனை வெளியே எடுத்திருப்பார்களா?"

"ஓம்" என்றாள் மதுஜா, தமிழில். அந்த மண்டபத்தில் அது யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியவன் அபிஷன் ஒருவன்தான். அவன் எழுந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனான்.

"மன்னிக்கவும், கேட்கவில்லை" என்றார் அதிகாரி. எடுத்திருப்பார்கள் என்று அவள் திரும்ப ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

தாய் தலையாட்டினாள். பிறகு அதிகாரியிடம் திரும்பி, முதலில் சொன்ன நன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். சொன்னது பதிவாகிவிட்டது, இனி அழிக்க முடியாது என்றார் அவர்.