பொக்கை உளி

மியோன் செத்த மறுநாளே எனக்கு வேலை சொல்லிவிட்டார்கள். அவனைக் கொன்ற கல்லை நான் சரிசெய்ய வேண்டும்.

அது தூணின் தலைக்கல். இரண்டு பக்கமும் ஆட்டுக்கொம்பு போலச் சுருள் வைத்தது. நாலு மாதம் உட்கார்ந்து அவனே செதுக்கினான். கப்பியில் ஏற்றும்போது பாதி உயரத்தில் கல்லைப் பிடித்திருந்த இரும்பு நழுவி, கீழே நின்றவன் மேலேயே விழுந்தது. கல்லுக்கு ஒரு சுருள்தான் போயிற்று.

"புதுசா ஒரு சுருள் ஒட்டு, பப்பியாஸ்" என்றார் மேஸ்திரி அத்ராஸ்தோஸ். "ஒட்டுன பக்கத்தை உள்சுவர் பாக்கத் திருப்பி வெச்சுடலாம். அப்ரோடைட்டி எந்திரிச்சு வந்து பின்னாடி பாக்கப் போறாளா?" ரோமில் இருக்கும் பேரரசரின் பிறந்தநாளுக்குள் அந்தத் தேவியின் கோயில் தூண் வரிசை முடிந்தாக வேண்டும் என்பது அவர் கவலை.

கல்லைத் தூக்க உச்சியில் ஒரு குழி வெட்டுவோம். வாய் குறுகி, அடி அகன்று இருந்தால்தான் உள்ளே இறுக்கிய இரும்பு பிடிக்கும். இந்தக் குழியின் அடி அகலவே இல்லை. மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "அவன் கல்லு, அவன் குழி" என்று முடித்துவிட்டார். செதுக்கியவனே குழியும் வெட்டுவது எங்கள் முறை. தன் தவறால் செத்தவனுக்குக் கல்லறைக் கல்லில் உளியும் சுத்தியலும் செதுக்கமாட்டோம். வெறும் பெயர்தான்.

குழியை வெட்டியது நான்.

அன்று காலை மியோனுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. "மச்சான், நீங்க வெட்டிக் குடுத்துடுங்க" என்றான். என் மனைவி அஃபியாவின் தம்பி. மாட்டேன் என்று சொல்லவா முடியும்? பசி வேறு. அவசரமாக வெட்டினேன். "பொக்கையிலயா வெட்டுறீங்க? வெளங்கும்" என்று சிரித்தான். என் உளியின் வாயில் ஒரு துண்டு தெறித்துப் போயிருந்தது. பட்டறையில் அதற்குப் பொக்கை என்றே பெயர். கொல்லனிடம் கொடு என்று அஃபியா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சாக்குக்கா பஞ்சம்.

சொல்லியிருக்கலாம். பயத்தால் சொல்லவில்லை என்றால் பொய். பயமும் இல்லை, துக்கமும் இல்லை. மியோனைப் புதைத்த அன்றைக்குப் பருப்புக் கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தேன். எட்டு நாள் புதுச் சுருளைச் செதுக்கினேன். மேலே உத்தரக் கல் வந்து உட்கார்ந்தால் குழி மறைந்துவிடும், அதோடு முடிந்தது என்று மட்டும் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் பழைய குழிக்குப் பக்கத்தில் புதுக்குழி வெட்டி, கல்லை ஏற்றத் தயாராக வைத்திருந்தோம். அஃபியா ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்தாள்.

"ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கறேண்ணே" என்றாள் மேஸ்திரியிடம்.

"பாரும்மா."

சுருள்களைத் தடவினாள். என்னுடையதில் கை நின்றது. "இது அவன் கை இல்ல" என்றாள். பிறகு பழைய குழிக்குள் விரலை விட்டாள். பொக்கை வெட்டிய இடத்திலெல்லாம் நூல் போல ஒரு மேடு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். விரலை எடுக்காமல் என் காலடியில் கிடந்த கருவிக் கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஏத்துங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏற்றினோம். சாயங்காலத்துக்குள் உத்தரமும் உட்கார்ந்தது. நான் காத்திருந்த நிம்மதி வரவில்லை.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பொக்கையை வைத்தாள்.

"நீங்கதானே?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"தெரியல. உள்ள ஒண்ணுமே இல்ல, அஃபியா."

"எனக்கும் ஒண்ணும் இல்ல. நாளைக்கு அவன் கல்லுல உளி செதுக்குங்க."

"மேஸ்திரி விடமாட்டாரு."

"இந்த உளியைச் செதுக்குங்க. பொக்கையோட."

மறுநாள் பட்டறையில் எல்லோர் முன்னாலும் மியோனின் கல்லறைக் கல்லைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காம்பு, தண்டு, வாய். கடைசியாக வாயில் அந்தப் பள்ளம். எனக்குப் பின்னால் ஒவ்வொரு சுத்தியலாக நின்றது.

மேஸ்திரி வந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது மியோன் உளி இல்லையே."

"இல்லண்ணே. என்னோடது. குழி வெட்டுனது இதுதான்."

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "சுத்தியலையும் செதுக்கு. அது அவனோடதா இருக்கட்டும்" என்றார்.

மியோனின் சுத்தியலுக்குக் கைப்பிடி குட்டை. ஒருமுறை நான்தான் அதை உடைத்தேன். அவன் புதிது போடாமல் அப்படியே வைத்துக்கொண்டான். அந்த அளவை வரையக் கரித்துண்டை எடுத்தபோது எனக்கு அழுகை வந்தது.