முதல் வேண்டாம்

பிரான்சுக்குப் போகும் பிள்ளைக்கு என்னென்ன சொல்லிக் கொடுக்க வேண்டுமோ அத்தனையும் பேச்சிச்செல்விக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை மேலேயே வைக்கலாம். கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லாமல் எதையும் தொடக்கூடாது. கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்றால் பதறிப் பின்வாங்கக் கூடாது. இவ்வளவு சொன்ன நான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் இதே ஊர்க்காரிதானே.

என் பெயர் சுஜிதா. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு நடத்துகிறேன். எங்கள் துறையில் நான் ஒருத்திதான். துறைத் தலைவரும் நானே, பியூனும் நானே. இங்கே பிரெஞ்சு படித்துவிட்டு யாரிடம் பேசப் போகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் எனக்குக் கிடையாது. அதனால் பிரான்சில் ஒரு கோடைப் படிப்புக்கு என் மாணவி பேச்சிச்செல்வி தேர்வானதும், பால்காரர் வரைக்கும் சொல்லித் தீர்த்துவிட்டேன்.

பிரான்சின் மேற்குக் கடற்கரையில் ஒரு பல்கலைக்கழகம் ஜூலை மாதத்தில் நடத்தும் படிப்பு அது. காலையில் மொழி வகுப்பு, மத்தியானம் சமையல், பாட்டு, அருங்காட்சியகம் என்று பொழுது போகும். பல நாட்டுப் பிள்ளைகள் வருவார்கள். செலவெல்லாம் அவர்களுடையது. ஒரே நிபந்தனை, விடுதி கிடையாது. அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டில்தான் தங்க வேண்டும். ஒரு நாட்டின் பண்பாடு சாப்பாட்டு மேசையில்தான் பிடிபடும் என்பது அவர்கள் கொள்கை.

பேச்சிச்செல்விக்குக் கிடைத்தது மதாம் க்ளோதீல் என்ற அம்மாவின் வீடு. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். மே மாதத்தில் இருவரையும் வீடியோவில் பேச வைத்தார்கள். ஆசிரியர் கூட இருக்கக்கூடாது என்று விதி. நான் துறை அறைக்கு வெளியே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தேன். வெளியே வந்தவள் முகம் பூரித்துக் கிடந்தது. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லையாம், அந்த அம்மா அவ்வளவு அன்பாகப் பேசினார்களாம். அன்று சாயங்காலமே நான் பேக்கரிக்குப் போய், பிரான்ஸ் வரைக்கும் நொறுங்காமல் எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் கொண்டுபோக எப்படிக் கட்டித் தருவீர்கள் என்று விசாரித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் படிப்பின் ஒருங்கிணைப்பாளர் என்னை அழைத்தார். அவர் பெயர் டெல்பின். மாதா கோயிலை ஒட்டிய எங்கள் தெருவிலேயே மூன்று டெல்பின் இருப்பதால் எனக்கு அவரிடம் எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் அன்று அவர் சொன்னதை நம்பாமல் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். மதாம் க்ளோதீல் வீட்டில் தங்க உங்கள் மாணவிக்கு விருப்பமில்லை என்றார். வேறு வீடும் காலியில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வீடு அமையாவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் வேறொரு மாணவருக்குப் போய்விடும்.

நான் பேச்சிச்செல்வியைப் பிடித்து உட்கார வைத்தேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும், அன்று அதையும் தாண்டி நின்றது. அந்த அம்மா என்னதான் கேட்டார், நீ என்னதான் சொன்னாய் என்று குடைந்தேன். மாடியில் கடல் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், நன்றி என்றிருக்கிறாள். ரயில் நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போகவா என்றதற்கும் வேண்டாம், நன்றி. இரவுச் சாப்பாட்டைச் சேர்ந்தே சாப்பிடலாமா என்றதற்கும் அதே வேண்டாம், அதே நன்றி. உச்சரிப்பெல்லாம் சுத்தமாக இருந்திருக்கும், நான் சொல்லிக் கொடுத்ததாயிற்றே.

"ஏளா, மூணுக்குமா வேண்டாம்னு சொன்ன?"

"முதத் தடவ கேக்கும்போதே சரின்னு எப்படி மேடம் சொல்லுதது? பிள்ள காஞ்சு கிடக்குன்னு நெனைக்க மாட்டாவளா? இன்னொரு தடவ கேப்பாவன்னு பாத்தேன். அவிய அடுத்த கேள்விக்குப் போயிட்டாவ."

இதில் அவளை என்ன சொல்லித் திட்ட? எங்கள் பக்கத்தில் ஒருவர் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டதும் சரி என்று சொன்ன மனிதரை நான் பார்த்ததே இல்லை. இருக்கட்டும் என்போம், இப்போதுதான் குடித்தேன் என்போம். கேட்டவர் அதைக் காதில் வாங்காமல் அடுப்பைப் பற்ற வைப்பார். வேண்டாம் என்பது எங்களுக்குப் பேச்சின் தொடக்கம், மதாமுக்கு அதுதான் முடிவு. தன் வீடு அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிடுவோம் என்று அவர் மரியாதையாக ஒதுங்கிவிட்டார். இரண்டு பக்கமும் மரியாதை, நடுவில் என் பிள்ளையின் பிரான்ஸ் போகிறது.

டெல்பினிடம் திரும்பவும் பேசினேன். வீட்டுக்காரர்களை வற்புறுத்த அவர்களுக்கு அனுமதியில்லை. மாணவி தானே மதாமிடம் பேசி, அந்த வீடு தனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால் சரி. இந்தத் தடவை நான் அறையில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது.

இதைச் சொன்னதும் பேச்சிச்செல்வியின் முகம் செத்துவிட்டது. அடுத்தவர் வீட்டில் எனக்கு இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும் என்று நாமாகப் போய்க் கேட்பதா? அதைவிடப் போகாமலே இருந்துவிடலாம் மேடம் என்றாள். ராத்திரி பகலாகப் பிரெஞ்சுப் பாட்டுக் கேட்டுக் கேட்டுப் பேசப் பழகியவள் அவள். பேருந்தில் வரும்போது வினைச்சொற்களை முணுமுணுக்க, பக்கத்து சீட்டுப் பெண் இவள் ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்த கதையெல்லாம் உண்டு. அவள் வாயால் போகவில்லை என்று கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. உங்கள் வீடு எனக்கு வேண்டும் என்று ஒரே வரி சொல், பிறகு அவர் என்ன கேட்டாலும் முதல் தடவையே 'வீ' என்று சொல், ஆமாம் என்று சொல், வேறு ஒன்றும் பேசாதே என்று அந்த வாரம் முழுக்க அவளைப் பழக்கினேன்.

வியாழக்கிழமை வீடியோவில் பேசும் நேரத்துக்கு அவள் அப்பா ராஜதுரையும் வந்துவிட்டார். ஆழ்வார்திருநகரிப் பக்கம் வாழை போட்டிருப்பவர். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒரு சீப்புப் பழத்தோடு வந்து நின்றார். இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, வேண்டாம் என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் பழத்தை என் மேசை மேல் வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பேச்சிச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரையில் மதாம் க்ளோதீல் வந்தார். குட்டை முடி, பெரிய கண்ணாடி. முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது தபால் நிலைய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிரிப்பு. வணக்கம் சொன்னார், என்ன விஷயம் என்று கேட்டார். பேச்சிச்செல்வி என்னைப் பார்த்தாள், பிறகு நான் பழக்கியதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள். பிழைக்கு மேல் பிழை, எனக்குக் காது கூசியது.

"மதாம், எங்கள் வீட்டில் முதல் வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது. ஆசை இருந்தால்தான் அதைச் சொல்வோம். நீங்கள் சொன்ன அந்த ஜன்னல் பக்கத்தில் நான் மனசுக்குள் தினமும் தூங்குகிறேன். எனக்கு அந்த அறை வேண்டும். சாப்பாடு உங்களோடு வேண்டும். ஸ்டேஷனுக்கு நீங்களே வர வேண்டும். தனியாக வர எனக்குப் பயமாக இருக்கிறது."

மதாம் திரைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தார். துறைமுகத்துக்குப் போகும் லாரி ஒன்று கல்லூரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. எனக்கு அந்த டிரைவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

"அப்படியானால் அந்த மூன்று வேண்டாமும் மூன்று ஆமாமா?" என்று மதாம் மெதுவாகக் கேட்டார்.

பேச்சிச்செல்வி தலையாட்டினாள். மதாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், இந்தத் தடவை உண்மையான சிரிப்பு. அன்றைக்குப் பேசி முடித்ததும் அந்த அறையின் கட்டிலில் விரித்திருந்த புது விரிப்பை எடுத்து மடித்து வைத்துவிட்டதாகச் சொன்னார். இப்போது திரும்ப விரிக்கட்டுமா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பேச்சிச்செல்வி 'வீ' என்றாள். மக்ரூன் கட்டச் சொல்லிவிடலாம் என்று என் மனசு அதற்குள் பேக்கரிக்குப் போய்விட்டது.

ராஜதுரைக்கு விஷயம் நடந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. எழுந்து வந்து மகளுக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மகளிடம், அந்த அம்மா ஒரு தடவை நம்ம வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் போக வேண்டும், நான் கூப்பிட்டதாகச் சொல் என்றார். அவள் சொன்னாள். மதாம் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். வேண்டாம், அது ரொம்ப தூரம், எனக்கு முழங்கால் வலி என்றார்.

"வேண்டாங்காவ அப்பா. தூரமாம், முழங்கால் வலியாம்."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"முதத் தடவதானே. இன்னொரு தடவ கேளு."

பேச்சிச்செல்வி திரும்பிக் கேட்டாள். அப்பா இரண்டாவது தடவை கேட்கச் சொல்கிறார் என்பதையும் சேர்த்தே சொன்னாள். மதாம் க்ளோதீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். தான் வேண்டாம் என்றால் எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள் என்று, எங்களுக்கு இல்லாமல் தனக்கே சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு, உங்கள் ஊரில் வெயில் இல்லாத மாதம் எது என்று கேட்டார்.

மகள் அதைத் தமிழில் சொன்னதும் ராஜதுரை அவள் காதருகே குனிந்தார்.

"அப்படி ஒரு மாசம் இங்கன கிடையாதுன்னு சொல்லிராத. மார்கழின்னு சொல்லு."