மஞ்சள் குல்லாய்

பிப்ரவரி முதல் வாரம். நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து டிலிஸ் போட்ட கூச்சலில் கரண்டியை எறிந்துவிட்டு ஓடினேன். என் மனைவி வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். அவளோ நைட்டிமேல் என் கோட்டையும், காலில் ரப்பர் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு, உறைபனி படிந்த புல்லில் குப்புறப் படுத்திருந்தாள்.

"நாரிஸ், அங்கேயே நில்லு! மிதிச்சுத் தொலைச்சிடாத!"

எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் கிழங்கிலிருந்து முளைத்துப் பூக்கும் ஸ்னோடிராப் நூற்றுப்பதினெட்டு வகை இருக்கிறது. என் கண்ணுக்கு எல்லாமே தலைகுனிந்த வெள்ளைப் பூ. அவளுக்கு உள்ளிதழின் பச்சைக்கோடு கடுகளவு மாறினாலும் அது வேறு ஆள். ஆனால் அன்று பார்த்தது எனக்கே வித்தியாசமாகத் தெரிந்தது. வெளியிதழ் மூன்றின் நுனியிலும் தூரிகையால் தொட்டு வைத்தது போலப் பச்சை. மேலே காம்போடு சேரும் இடத்தில் வெண்ணெய் நிறத்தில் மஞ்சள் குல்லாய்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படிச் சிரிக்கலையே."

"அன்னிக்கு இந்த மாதிரி எதுவும் முளைக்கலையே! போ, டிரான்டரக் கூட்டிட்டு வா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம்ப்ரோஸ் டிரான்டர் எதிர்வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பல் டாக்டர். இருபது வருஷமாக இவளுக்குச் சரியான போட்டி. வருஷத்துக்கு ஒருநாள் இரண்டு பேரும் வகைக்கு ஒரு பூவைப் பறித்து, முட்டை வைக்கும் குட்டிக் கிண்ணங்களில் நிறுத்தி, எங்கள் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து, ஒருவர் பூவை ஒருவர் குறை சொல்வார்கள். மற்ற நாளில் அவர் எட்டிப் பார்த்தாலே இவளுக்குப் பிடிக்காது.

அவர் பூதக்கண்ணாடியோடு வந்து மண்டியிட்டார். விரல் நுனியால் பூவின் முகத்தை நிமிர்த்தினார்.

"டிலிஸ், இது என் வீட்டு மஞ்சள் ஸ்னோடிராப்போட ரத்தம்."

"உங்க மஞ்சள் ரோட்டத் தாண்டி வந்து குடித்தனம் பண்ணிச்சாக்கும்?"

"தேனீ எதுக்கும்மா இருக்கு?"

"அப்ப அப்பன் உங்க பக்கம்னே வெச்சுக்குங்க. பெத்தது என் மண்ணு. பேரு நான்தான் வைப்பேன்!"

சண்டைதான். ஆனால் சந்தோஷத்தில் இரண்டு பேராலும் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. தீய்ந்துபோன முட்டையை அந்த மனிதர் மூன்று துண்டு ரொட்டியோடு தின்றார். என்ன தின்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

ஜூனில் இலை காய்ந்ததும், அந்தப் பூவின் கிழங்கைப் பத்திரமாகத் தொட்டிக்கு மாற்றலாம் என்று டிலிஸ் தோண்டினாள். அழுத்தினால் கிழங்கு பஞ்சு மாதிரி அமுங்கியது. அடியில் ஒரு ஓட்டை. கிழங்கு ஈயின் புழு உள்ளே புகுந்திருந்தது. உலகத்தில் இருப்பதே அந்த ஒரு கிழங்கு. அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

ஆம்ப்ரோஸ் பாதி சவரம் செய்த முகத்தோடு, பழைய தோல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்தார். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தார்.

"எங்க, வாயத் திற பாக்கலாம்," என்றார் கிழங்கைப் பார்த்து. டிலிஸ் சிரிக்கவில்லை.

கொழுத்த புழுவை இடுக்கியால் இழுத்துப் போட்டார். "முக்கால்வாசி போச்சு. வேர் விடற அடித்தட்டுல ஒரு ஓரம் நல்லா இருக்கு. அதையும் நாலா வெட்டினா நாலு உயிர் வரலாம். இல்ல, நாலும் அழுகலாம். வெட்டட்டுமா?"

டிலிஸ் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும். "வெட்டுங்க," என்றாள்.

அவர் ஒரே மூச்சில் வெட்டினார். ஒவ்வொரு கீற்றிலும் அடித்தட்டு ஒட்டியிருக்கும்படி நான்கு துண்டு. டிலிஸ் அவற்றைப் பூஞ்சைக் கொல்லி மருந்தில் புரட்டி, ஈரமாக்கிய கனிமத்தூளோடு பையில் கட்டி, வெந்நீர்த் தொட்டியின் சூட்டில் துணி உலர்த்தும் அலமாரிக்குள் வைத்தாள். என் சட்டைகளெல்லாம் நாற்காலிக்கு வந்துவிட்டன. செப்டம்பரில் பையைப் பிரித்தபோது இரண்டு அழுகியிருந்தன. மற்ற இரண்டின் ஓரத்திலும் அரிசி அளவில் குட்டிக் கிழங்கு. டிலிஸ் இரண்டையும் தனித்தனித் தொட்டியில் நட்டாள்.

பிறகு மூன்று குளிர்காலம் வெறும் இலைதான். முதல் வருஷம் புல் மாதிரி ஒன்று. பிறகு கொஞ்சம் அகலமாக. ஆம்ப்ரோஸ் தினமும் பேப்பர் வாங்கப் போகிற சாக்கில் வந்து தொட்டியைப் பார்ப்பார்.

நான்காவது குளிர்காலம். ஜனவரி கடைசியில் இரண்டு தொட்டியிலும் மொட்டு வந்தது. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த ஒரு முற்பகலில் இரண்டும் ஒன்றாக விரிந்தன. மஞ்சள் குல்லாய், பச்சை நுனி, இம்மி பிசகாமல் அதே முகம். டிலிஸ் போனில் "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று அலறியதுதான் தெரியும். ஆம்ப்ரோஸ் ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வீட்டுச் செருப்புமாக வந்து நின்றார். எழுபத்தாறு வயது மனிதர் என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சமையலறையைச் சுற்றிச் சுற்றி ஆடினார். நானும் கைதட்டினேன். ஏன் தட்டினேன் என்று கேட்காதீர்கள்.

மூச்சு வாங்கி முடித்ததும், டிலிஸ் ஒரு தொட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு."

"பேரு?"

"அதை அப்புறம் சண்டை போட்டுக்கலாம். மொதல்ல கொண்டு போங்க."

அவர் தொட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, அடிமேல் அடி வைத்து ரோட்டைக் கடந்தார். பின்னாலேயே டிலிஸ் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு ஓடினாள்.

"பாத்து, பாத்து! படி இருக்கு!"