பட்டு வேண்டாம்

ஆட்டோவில் அரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடத்துக்கு யாரும் டூர் போவதில்லை. ஆறுமுகசாமி குடும்பம் போனது. கரமனையிலிருந்து கோவளத்துக்கு, இரண்டு நாள் தங்கல். ஏற்பாடு மகள் அனுஷாவுடையது. வியாழக்கிழமை அவள் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகிறாள். அதற்குள் அப்பாவும் அம்மாவும் ஒரு தடவையாவது ஹோட்டல் கட்டிலில் படுத்து எழுந்திருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

ஆறுமுகசாமி நாற்பது வருஷமாகத் திருவனந்தபுரத்தில் கொத்தனார். ஹோட்டலுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறாரே தவிர, ஹோட்டலில் படுத்ததில்லை. அவர் மனைவி சுடலைமாடத்தி அறைக்குள் நுழைந்ததும் கட்டிலின் வெள்ளை விரிப்பை உருவி மடித்து வைத்தாள். அழுக்காகிவிடுமாம்.

அன்று இரவுச் சாப்பாடு கீழே, கடலைப் பார்த்த ரெஸ்டாரண்டில். நல்ல உடையில் வரவும் என்று அங்கிருந்து முந்தின நாளே அனுஷாவின் போனுக்குச் செய்தி வந்திருந்தது. நல்ல உடை என்றால் எது என்று சுடலைமாடத்தி கேட்டாள்.

“லுங்கி, நைட்டி வேண்டா. அத்ரயே உள்ளூ” என்று, அவ்வளவுதான் என்பதை மலையாளத்தில் சொன்னாள் அனுஷா.

அப்படியானால் மெல்லிய நூல் வாயில் சேலை போதும் என்று சுடலைமாடத்தி முடிவு செய்துவிட்டாள். பட்டுச் சேலை உடுத்தால் சோற்றை எப்படி அள்ளுவது, குழம்பு சிந்தினால் என்ன செய்வது என்று அவளுக்கு யோசனை. ஆறுமுகசாமிதான் விடவில்லை. பீரோவைத் திறந்து அரக்குப் பட்டை அவரே எடுத்துப் பெட்டியில் வைத்தார். அவள் தம்பி புது வீட்டுப் பால்காய்ப்புக்கு எடுத்தது. இரண்டு தடவை உடுத்திருக்கிறாள்.

“நாலு பேரு பாக்கிற இடம். நம்ம மவ கூட்டிட்டுப் போறா. பட்டுதான் உடுக்கணும்” என்றார். “இல்லன்னா நான் வரல, கேட்டியா.”

அவள் சிரித்தாள். போகிற வழியில் பழவங்காடியில் இறங்கி, மகள் பயணத்துக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். அங்கேயே அவர் மூன்று முழம் பிச்சிப்பூ வாங்கினார். இரண்டு முழம் போதும் என்றவளிடம், நரைத்த இடமெல்லாம் மறைய வேண்டாமா என்று கேலி செய்தார். பூக்காரியும் சிரித்தாள்.

அவருக்கும் அனுஷா புதுச் சட்டையும் வேட்டியும் எடுத்திருந்தாள். சட்டையின் அட்டையும் குண்டூசியும் இன்னும் எடுக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தபோது அவர் தனியாக மணலில் உட்கார்ந்திருந்தார். பணகுடியிலிருந்து விஜய்குமார். அவர் பெரியப்பா மகன் இசக்கிமுத்துவின் பையன்.

“சித்தப்பா, அப்பா போயிட்டாவ” என்றான் அவன். “மத்தியானம் சாப்பிட்டுட்டு படுத்தாவ. அப்படியே. காலையில பத்து மணிக்கு எடுக்கோம். நீங்க வந்துதான் நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கப் போணும்.”

வந்துவிடுகிறேன் என்றார். அம்மாவைப் பார்த்துக்கொள் என்றார். போனை மடியில் வைத்துக்கொண்டார்.

அவரும் இசக்கிமுத்துவும் ஒரே பஸ்ஸில் இந்த ஊருக்கு வந்தவர்கள். கிள்ளிப்பாலத்தில் ஒரே அறையில் ஆறு வருஷம். இரண்டு பேருக்கும் சேர்த்து நல்ல சட்டை ஒன்றுதான், நீலக்கோடு போட்டது. யாருக்கு வெளியே போகிற வேலையோ அவர் போட்டுக்கொள்வார், மற்றவர் அறையில் இருப்பார். சுடலைமாடத்தியைப் பெண் பார்க்கப் போனதே அந்தச் சட்டையில்தான். அன்றைக்கு இசக்கிமுத்து பனியனோடு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பங்காளி வீட்டுத் துட்டி, சாவுத் தீட்டு. கேட்டவுடன் தலை முழுக வேண்டும். பூ கூடாது, பட்டோ புதுத்துணியோ கூடாது, மீன் கூடாது. எடுத்து முடிகிற வரைக்கும் விருந்துச் சாப்பாடு என்ற பேச்சே கிடையாது. இது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது மேலே போய்ச் சொன்னால் மூன்று பேரும் குளிப்பார்கள், பெட்டியைக் கட்டுவார்கள். அனுஷா வியாழக்கிழமை போய்விடுவாள். மறுபடி எப்போது வருவாளோ.

தம்பானூரிலிருந்து விடியற்காலை நாலரைக்குப் பஸ் இருக்கிறது. ஏழரைக்குப் பணகுடி. சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடலாம். மூன்று மணி நேரம். செத்தவருக்கு மூன்று மணி நேரத்தில் என்ன குறைந்துவிடப் போகிறது?

போனைச் செருப்போடு மணலில் வைத்துவிட்டு எழுந்து நேராகக் கடலுக்குள் நடந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு முங்கு போட்டார். முழுகியாயிற்று. அடுத்தது பூவும் பட்டும். அதைத் தடுத்துவிட்டால் பெரிய குற்றம் எதுவும் இல்லை என்று நினைத்தார்.

ஈரத்தோடு அறைக்கு வந்தபோது சுடலைமாடத்தி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். பட்டு உடுத்து, கொசுவம் வைத்து, பூவும் வைத்தாயிற்று. அனுஷா அம்மாவின் முந்தானையைத் தோளில் மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

“கொள்ளாமல்லோ, அம்மே, நல்லாருக்கு” என்று பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். “கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. அப்பா, பாருங்க.”

சுடலைமாடத்தி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆள் உயரக் கண்ணாடி. கரமனை வீட்டில் இருப்பது முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. இடுப்புக்குக் கீழே சேலை எப்படி இருக்கிறது என்பதை அவள் இந்த வயதில்தான் பார்க்கிறாள்போல. ஒரு பக்கமாகத் திரும்பினாள், மறுபக்கம் திரும்பினாள்.

“இந்த நேரத்துல கடல்ல போயா குளிப்பாவ?” என்றாள்.

“பட்டு வேண்டாம்” என்றார் ஆறுமுகசாமி.

அவள் விளையாட்டு என்று நினைத்தாள்.

“வேண்டாம்னு சொல்லுதேன்லா. வாயில் சேலையை உடு. பூவையும் எடுத்திரு.”

ஏன் என்று அனுஷா கேட்டாள். காலையில் நீங்கள்தானே பட்டு பட்டு என்று குதித்தீர்கள் என்றாள். அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அந்த நிமிஷமே.

“வயசுக்கு ஏத்த மாதிரி உடுக்கணும்” என்றார். “இந்த வயசுல பூவும் பட்டும் சுத்திக்கிட்டு உள்ள போனா பாக்கிறவன் சிரிப்பான். எனக்குல்ல வெக்கக்கேடு.”

சுடலைமாடத்தி கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பூவைக் கொண்டையிலிருந்து உருவினாள். அனுஷா அவள் கையைப் பிடித்தாள். விடு மக்களே என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குள் போனாள். வெளியே வந்தபோது தவிட்டு நிற வாயில் சேலையில் இருந்தாள். பட்டைக் கட்டிலில் விரித்து, ஓரம் பிசகாமல் மடித்தாள். அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

அவர் புதுச் சட்டையைப் போடவில்லை. வந்த சட்டையையே மாட்டிக்கொண்டார். அனுஷா அந்த அட்டைச் சட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அப்போதே சொல்லியிருப்பார்.

ரெஸ்டாரண்டில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரர் அரை டவுசரில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மேசை தள்ளி ஒரு வயதான அம்மாள், சுடலைமாடத்தியைவிடப் பத்து வயது கூட இருக்கும், பச்சைப் பட்டும் தலை நிறைய முல்லையுமாக ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். சுடலைமாடத்தி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

பரிமாறுகிற பையன் வந்து கரிமீன் நல்லது என்றான். அனுஷா வாங்கினாள். ஆறுமுகசாமி வயிறு சரியில்லை, மோரும் சோறும் போதும் என்றார். சுடலைமாடத்தி எது வந்தாலும் சரி என்றாள். அனுஷாதான் பேசிக்கொண்டிருந்தாள், அயர்லாந்துக் குளிரைப் பற்றி, கூட வருகிற பெண்களைப் பற்றி. அம்மாவைச் சிரிக்க வைக்க என்னென்னவோ சொன்னாள். அவளும் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தாள்.

வாழையிலையைப் பிரித்து, அனுஷா மீனில் ஒரு துண்டை முள் எடுத்து அப்பா தட்டில் வைத்தாள்.

“எனக்காக ஒரு வாய். இனி எப்போ நான் வச்சுத் தர?”

அவர் தின்றார். மீன் நன்றாக இருந்தது. மிளகும் புளியும் சரியாகப் பிடித்திருந்தது. இன்னொரு துண்டு வைத்தாள், அதையும் தின்றார். அதற்குப் பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

அனுஷாவின் போன் மினுங்கிற்று. எடுத்துப் பார்த்தவள் முகம் மாறியது. மறுபடி வாசித்தாள்.

“விஜயண்ணன் மெசேஜ் போட்டிருக்கு” என்றாள். “சாயங்காலம் அம்மா கண்ணாடி முன்னால நின்னப்போ ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். அதுக்கு.”

என்ன என்று சுடலைமாடத்தி கேட்டாள். அனுஷா அப்பாவைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

“‘சித்தி போட்டோ பாத்தோம். அம்மையும் பாத்தா. சித்தப்பாட்ட அஞ்சே முக்காலுக்கே சொன்னேனே. அப்பா இறந்ததை வீட்ல சொல்லலையா?’”

மேசைமேல் மீன் முள் கிடந்தது. ஆறுமுகசாமி அதைப் பார்த்தார். பணகுடியில் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து மதினி லீலாபாய் அந்தப் போட்டோவைப் பார்த்திருக்கிறாள். பட்டும் பூவுமாகச் சுடலைமாடத்தி. அவர் ஏசிப் பூவை எடுக்க வைக்கும் முன்பே அது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

“மவ போறாளேன்னுதான்” என்றார். “சாப்பிட்டதும் சொல்லலாம்னு இருந்தேன்.”

சுடலைமாடத்தி கையைத் தட்டிலேயே கழுவினாள். அழுதாள், சத்தமில்லாமல். இசக்கிமுத்து அவளுக்கு மூத்தார் முறை. அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் காவல் இருந்தவர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மணலோரமாக அறைக்கு நடக்கையில், அனுஷா முன்னால் போகட்டும் என்று நின்றாள்.

“துட்டின்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நானே பிச்சு எறிஞ்சிருப்பேன்” என்றாள். “மீனைத் தொட்டிருப்பேனா? என்னை இப்படியா நினைச்சிய?”

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“வெக்கக்கேடுன்னு சொன்னியளே. அது துட்டிக்காகச் சொன்னதா, நெசமாவே சொன்னதா?”

“துட்டிக்காகத்தான்.”

“சரி” என்றாள் அவள். முன்னால் நடந்தாள்.

ஆறுமுகசாமி பின்னால் நடந்தார். பட்டு உப்புக்காற்றில் கெட்டுப்போகும் என்று சொல்லியிருக்கலாம். பூ வாசம் தலைவலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சட்டென்று ஒரு பொய் வேண்டுமென்று கையை நீட்டியபோது கைக்கு அகப்பட்டது அது. தேட வேண்டியிருக்கவில்லை. பழவங்காடியில் நரையைச் சொல்லிச் சிரித்தபோதே அது அங்கே இருந்திருக்க வேண்டும்.

மூன்று பேரும் தலை முழுகினார்கள். பெட்டியைக் கட்டும்போது அட்டைச் சட்டையைக் கையில் எடுத்து, இதை அண்ணனுக்குப் போட்டால் என்ன என்று கேட்டார். பங்காளி பிணத்துக்குக் கோடித்துணி போடுகிற வழக்கம் இல்லை, சம்பந்தக்காரர்கள்தான் போட வேண்டும் என்றாள் சுடலைமாடத்தி. அவருக்கும் தெரிந்ததுதான். திரும்ப வைத்தார்.

நாலரை பஸ்ஸில் கூட்டம் இல்லை. அனுஷா முன் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டாள். களியக்காவிளை தாண்டி வெளிச்சம் வரத் தொடங்கியது. சுடலைமாடத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரம் உலராத கொண்டையை அவிழ்த்து விரலால் கோதினாள். முகர்ந்து பார்க்க முயன்றாள். தன் தலையைத் தானே எப்படி முகர்வது?

“ரெண்டு தடவை சீயக்காய் போட்டேன்” என்றாள். “பூ வாசம் இருக்கான்னு பாருங்க. லீலாபாய் அக்கா கட்டிப்பிடிச்சு அழுவா. அவளுக்குத் தெரியக்கூடாது.”

அவர் குனிந்தார். அவ்வளவு பக்கத்தில் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. காதுக்குப் பின்னால், நரைமுடி தொடங்குகிற இடத்தில், பிச்சிப்பூ வாசம் இருந்தது.

“இல்ல” என்றார்.

“நல்லாப் பாத்தியளா?”

“பாத்தேன். இல்ல.”

அவள் நிம்மதியாகக் கொண்டையை முடிந்துகொண்டாள். நேற்றுச் சொன்னதை நம்பியதுபோலவே இதையும் நம்பினாள்.