இருமுறை ஒட்டிய உதடுகள்

ஜூடித் ஆஸ்பத்திரிப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். முன்னால் ஓடிய சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார்.

"மீசையைக் கத்தரிங்க சார்! பாதிப் பேச்சு அதுக்குள்ளேயே போயிடுது."

அவர் மீசையை விரலால் ஒதுக்கிக்கொண்டார். "பேகா, சீக்கிரம் வாம்மா! ஆள் போயிட்டா கேஸும் போச்சு!"

ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் ஜூடித்தின் காதுகளைக் கொண்டுபோயிருந்தது. அதன்பிறகு மனிதர்களின் வாய்தான் அவளுக்குக் காது. பிரேசர் டவுனில் காது கேளாத பிள்ளைகளுக்கு உதடு படிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள்.

மாடி வராந்தா பெஞ்சில், கையில் விலங்கோடு உட்கார்ந்திருந்தார் வெங்கடராமன். முந்தின நாள் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய மருமான் சேஷகிரியின் கழுத்தில் யாரோ கயிற்றைப் போட்டு இறுக்கிவிட்டார்கள். உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாய் 'மாமா' என்று சொல்வதை நர்ஸிலிருந்து டாக்டர்வரை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஜூடித்தும் அதையே சொல்லிவிட்டால் கிழவருக்குத் தூக்கு.

உள்ளே டிசம்பர் பனி ஜன்னலை வெள்ளையாக மூடியிருந்தது. சேஷகிரியின் கண் திறக்கவில்லை. கைகால் அசையவில்லை. உதடுகள் மட்டும், வேறு யாரோ உள்ளிருந்து ஆட்டுவதுபோல, அசைந்துகொண்டே இருந்தன.

"குரல்வளை நசுங்கிப்போச்சு. காத்து வருது, சத்தம் வரலே" என்றார் டாக்டர். "விடிஞ்சதிலிருந்து இதே வார்த்தைதான்."

"மாமான்னுதான் சொல்றார்" என்றாள் தலைமாட்டில் நின்ற மனைவி ருக்கு. "கொல்லையிலே துணி தோச்சுண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து... பாவி மனுஷன்!"

ஜூடித் குனிந்தாள். உதடுகள் ஒட்டின. திறந்தன. மறுபடி ஒட்டின. திறந்தன.

திடுக்கிட்டாள். அவளுடைய உதடுகளும் கூடவே அசைந்துகொண்டிருந்தன. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமாதானே?" என்றார் கிருஷ்ணப்பா.

"உதட்டை வச்சுச் சொல்ல முடியாது சார். மாமான்னாலும் பாபான்னாலும் ஒரே மாதிரிதான் ஒட்டும். நீங்களே சொல்லிப் பாருங்க."

கிருஷ்ணப்பா சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தார். டாக்டரும் சொல்லிப் பார்த்தார். கட்டிலில் இருந்த வாயோடு அவர்கள் வாயும் ஒன்றாகத் திறந்து மூடியது. 

"வித்தியாசம் உள்ளே இருக்கு. 'ப' சொன்னா அண்ணத்துக்குப் பின்னாடி இருக்கற மெத்துச் சதை மேலே ஏறி மூக்கை அடைச்சுடும். 'ம' சொன்னா அது இறங்கிடும். காத்து மூக்கு வழியா வரும். ஒரு கண்ணாடி குடுங்க."

ருக்கு கூடைக்குள் கையை விட்டு, குங்குமச் சிமிழுக்குப் பக்கத்திலிருந்த கைக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "நன்னாப் பாருங்கோ. மாமா பண்ணின பாவம் எல்லாருக்கும் தெரியட்டும்."

சேஷகிரி வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஜூடித் கண்ணாடியை அவன் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

உதடுகள் ஒட்டின. கண்ணாடி பளிச்சென்றே இருந்தது.

திறந்தன. மறுபடி ஒட்டின. கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்தது.

துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தாள். அதேதான். முதல் எழுத்துக்கு ஆவி இல்லை. இரண்டாவதற்கு உண்டு.

"மாமா இல்லை. பாமா."

"பாமாவா?" கிருஷ்ணப்பா ருக்குவைப் பார்த்தார். "யாரும்மா அது?"

"எங்காத்துலே அப்படி யாருமே இல்லை."

ஜூடித் அதைக் கண்ணாடியில் தெரிந்த அவள் வாயிலிருந்து படித்தாள். சொல்லி முடித்த பிறகும் ருக்குவின் கீழுதடு துடித்துக்கொண்டிருந்தது.

கிருஷ்ணப்பா கதவைத் திறந்து வெங்கடராமனை உள்ளே இழுத்து வந்தார். "சுவாமி, பாமா யாரு?"

கிழவர் கட்டிலருகே வந்தார். மருமானின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஒட்டியது, திறந்தது, ஒட்டியது. விலங்குக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு ருக்குவின் பக்கம் திரும்பினார்.

"இவளுக்குக் கோபம் வந்தா மட்டும் அவன் கூப்பிடற பேரு. 'இப்போ நீ ருக்கு இல்லேடி, பாமா'ம்பான்."