சரசுவுக்கு மட்டும் சென்னை வெயில்

2020 ஜூன் மாதத்திலிருந்து, சென்னைக்குக் கிழக்கே நடுக்கடல் தீவில் இருக்கும் கராச்சர்மாவில் சரசுவின் வீட்டுக்கு மட்டும் சென்னையின் சூரியன். தெரு முழுக்க ஐந்து மணிக்கே விடிந்துவிடும். அவள் வாசலுக்கு வெளிச்சம் வர இன்னும் ஐம்பது நிமிடம் ஆகும். பால்காரர் அந்த வீட்டுக்கு மட்டும் டார்ச் அடித்துக்கொண்டு போவார். சாயங்காலம் தெரு இருண்ட பிறகும் அவள் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு சுசீலா தன் வடகத்தைக் கொண்டுவந்து அங்கே காயவைத்தாள்.

சரசு கப்பல் டிக்கெட் வரிசையில் நிற்பவர்களுக்குப் பூரி விற்றுப் பிழைத்தவள். அந்த மார்ச்சில் தங்கை மகள் கல்யாணத்துக்காக அவளே வரிசையில் நின்று சென்னைக்கு டிக்கெட் எடுத்தாள். ஊரடங்கு வந்தது. கப்பல் கிளம்பவில்லை, கவுண்டரை மூடினார்கள், பூரி வியாபாரம் படுத்துவிட்டது. பிழைப்பு இழந்த தீவுவாசிகளுக்கு அவசர உதவித்தொகை என்று அறிவித்தபோது, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒருவேளைக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள் முதல் ஆளாக மனு கொடுத்தாள். பதில் வந்தது: மனுதாரர் டிக்கெட் எடுத்திருக்கிறார், ரத்து செய்யவில்லை, ஆகவே மெயின்லேண்டில் இருக்கிறார், தகுதியில்லை.

"சாப், நான் உங்க முன்னாடிதான நிக்கிறேன்?" என்று அலுவலகத்துக்கே போய்க் கேட்டாள் சரசு.

"அது தெரியுது தீதி. ரெக்கார்டுல நீங்க இங்க இல்லையே," என்றார் குமாஸ்தா, நிஜமான வருத்தத்தோடு. உட்கார நாற்காலியும் போட்டார்.

மறுநாள்தான் வெயில் மாறியது. அரசாங்கமே எழுத்தில் கொடுத்த பிறகு சூரியன் மட்டும் என்ன செய்யும், பாவம்.

வக்கீல் உமா மகேஸ்வரி காசு வாங்காமல் வழக்கை நடத்தினார். நான்கு வருடம் இழுத்தது. அதற்குள் அடுப்பும் பூரிச் சட்டியும் கைமாறிவிட்டன. மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு லம்பா லைன் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அதை நினைத்தால் நமக்கு இன்றும் வயிறு எரிகிறது. கப்பலே கிளம்பாதபோது மனுதாரர் எதில் போனார் என்று வக்கீல் கேட்டார். அரசுத் தரப்பு அசரவில்லை. இங்கே வசிப்பவர் வீட்டில் சென்னை வெயில் அடிப்பானேன் என்று திருப்பிக் கேட்டு, நான்கு வருட அஸ்தமன நேரங்களைத் தேதிவாரியாகத் தாக்கல் செய்தது. ஒரு நிமிடம்கூடப் பிசகில்லை. அந்த அலுவலகம் அவ்வளவு சுத்தமாக வேறொரு வேலையும் செய்ததில்லை.

ஓடாத கப்பல் யாரையும் ஏற்றிப் போகாது, சரசு கராச்சர்மாவில்தான் வசித்தார், உதவித்தொகையைக் கொடுங்கள் என்று தீர்ப்பானது. சூரியனை யாரும் வழக்கில் சேர்க்காததால் அதற்கு உத்தரவு எதுவும் போகவில்லை.

பணம் தருவதற்கு முன் இருப்பிடத்தைச் சரிபார்க்க அதே குமாஸ்தா ஒரு மாலை வந்தார். இருட்டில் தடுக்கி விழாத குறையாக நடந்து, வெளிச்சமான வாசலில் நின்று படிவத்தை விரித்தார். 'வசிக்கிறார்' என்று அவர் எழுதுவதைப் பார்த்ததும் சரசுவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"இப்ப நான் இங்க இருக்கேனா சாப்?"

"இருக்கீங்க தீதி."

அடுத்து, வீட்டுக்கு அடையாளம் கேட்டது படிவம். குமாஸ்தா சுற்றுமுற்றும் பார்த்தார். கோயில் இல்லை, கடை இல்லை. 'மாலை ஆறு மணிக்கும் வெயில் அடிக்கும் வீடு' என்று எழுதி, பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார்.