ஹெப்சிபா வைத்த முதல் ஆள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. பாளையங்கோட்டையில் சின்னதாகக் கடை போட்டிருக்கும் சினேகிதர் ஒருவர் கேட்டார்: "முதமுதலா ஒரு ஆள் வைக்கப்போறேன். கையில துட்டு இல்ல. என்ன சொல்லிக் கூப்பிட?" எனக்கு வியாபாரம் தெரியாது. பதில் தெரியாத கேள்வி வந்தால் நூறு வருஷம் பின்னால் போய் ஒளிந்துகொள்வது என் வழக்கம். போனேன். 1912-ல் ஹெப்சிபா நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தாமிரபரணியில் வெள்ளம் வடிந்த அந்தக் கார்த்திகையில்—'

[விட்டுவிட்டேன். எங்கள் ஊர்க் கதையெல்லாம் ஆற்றில்தான் இறங்குகிறது. ஹெப்சிபாவுக்கு வேண்டியிருந்தது கிணற்றுத் தண்ணீர், சோடா போடுவதற்கு.]

2

அவள் புருஷன் நேசையா பள்ளிக்கூட வாத்தியார். இருந்த வேலையை விட்டுவிட்டு, சேர்த்ததையெல்லாம் கொட்டி ஒரு சோடா மிஷின் வாங்கினார். வாங்கிக் கொஞ்ச நாளில் காலராவில் போய்விட்டார். ஹெப்சிபாவுக்கு மிஞ்சியது மிஷினும், கழுத்தில் கண்ணாடிக் குண்டு உருளும் குப்பிகளும், வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓலைக்கொட்டகையும். மிஷின் சக்கரத்தைச் சுற்ற அவள் கைக்குப் பலம் போதவில்லை.

ஆள் தேடினாள். சர்ச்சில் மணியடிக்கும் கோயில்குட்டியார் சிபாரிசில் வந்தவன் முன்பணம் கேட்டான். இன்னொருவன் பொம்பளைகிட்ட வேலை பார்க்கமாட்டேன் என்று வாசலிலேயே திரும்பினான். கடைசியாக வந்தவன் தளவாய். பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவன். கிட்டங்கி மூடிப்போயிருந்தது.

"சம்பளம் என்னம்மா தருவீங்க?"

"சம்பளம்னு சொல்ல எங்கிட்ட துட்டு இல்ல, தளவாய். ரெண்டு வேளைச் சோறு. விக்கிறதுல நாலுல ஒரு பங்கு."

"விக்கலேன்னா?"

"எனக்கும் கிடையாது."

தளவாய் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். "சோறு வேண்டாம். அரிசியாக் குடுங்க."

[முதலில் எழுதியதில் அவன் அவள் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டான். அடித்துவிட்டேன். அந்தக் காலத்தில் அவன் சாதிக்காரன் கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் கை நனைத்திருப்பானா என்பது ஒரு சந்தேகம். அதைவிட, வீட்டில் அவன் பெண்சாதி இசக்கியம்மாள் மாசமாக இருந்தாள். அவனுக்குத் தனியாகச் சாப்பிட மனசு வராது.]

3

அவன் வந்தபிறகு கொட்டகைக்கு உயிர் வந்தது. கோர்ட்டுக் கச்சேரி வாசலுக்குக் குப்பிகளைச் சுமந்துபோனான். ஸ்ரீவைகுண்டம் திருவிழாவுக்கு வண்டி பேசினான். "நம்ம சோடா" என்றுதான் கூவி விற்பான். அந்த 'நம்ம' காதில் விழும்போதெல்லாம் ஹெப்சிபாவுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். பங்கு என்று கையில் வைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள். கிட்டங்கிக் கூலியில் பாதிகூட வராது.

மாசி மாதம் அவன் குப்பி கழுவிக்கொண்டே சொன்னான்: "வள்ளியூர்ல வைத்தியலிங்கம் அண்ணாச்சி சோடாக்கடை போடுதாரு. மாசச் சம்பளம் தாறேன்னு ஆள் விட்டிருக்காரு."

ஹெப்சிபா போம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இந்தக் கோடை மட்டும் இரும். வெயில் வந்தாத்தான் நம்ம வியாபாரம். அதுக்கப்புறம் நானே அனுப்பி வைக்கேன்."

[இந்த இடத்தில் அவளைப் பலமுறை திருத்தப் பார்த்தேன். 'போம்' என்று சொல்லவைத்தேன். அவள் நல்லவளானாள், கதை செத்தது. அழவைத்தேன், அவள் அழுகிற ஆள் இல்லை. தனியே கிடந்து பசிக்கப் பயந்த ஒருத்தி சொல்வதைத்தான் அவள் சொன்னாள்.]

தளவாய் இருந்தான்.

வாயு ஏற்றும்போது குப்பி வெடிப்பது உண்டு. பெரிய கடைகளில் முகத்துக்குக் கம்பிவலை மாட்டுவார்கள். ஒன்று வாங்க வேண்டும் என்று இருவரும் பேசியதுண்டு. பங்குனியில் அதற்கென்று எடுத்து வைத்த பணத்தை, இசக்கியம்மாளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்குகிறதே என்று தளவாய் கையில் கொடுத்தாள். "வலை அடுத்த மாசம் வாங்கிக்கிடலாம்மா" என்று அவன்தான் சொன்னான்.

4

குப்பி வெடித்த சத்தம் தெருவில் பட்டாசுபோல—

சித்திரை வெயிலில் ஒரு கண்ணாடி—

[எப்படி எழுதினாலும் அலங்காரமாகிறது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.]

குப்பி வெடித்தது. தளவாய்க்கு இடது கண் போயிற்று.

வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் ஹெப்சிபா தன் சேலைத் தலைப்பை அவன் முகத்தில் பொத்திக்கொண்டு, "பைய ஓட்டும்வே, குலுங்குது" என்று வண்டிக்காரனிடம் கெஞ்சிக்கொண்டே வந்தாள். கைப்பிள்ளையோடு ஓடிவந்த இசக்கியம்மாள் கத்தவில்லை, சபிக்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"இந்த வாரத்து அரிசி உண்டாம்மா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு ஹெப்சிபாவுக்குத் தூக்கம் இல்லை. வைத்தியலிங்கத்துக்குச் சொல்லியனுப்பினாள். அவர் வந்து மிஷினையும் குப்பிகளையும் அடிமாட்டு விலைக்கு ஏற்றிப்போனார். வந்த பணத்தை அப்படியே இசக்கியம்மாள் மடியில் கட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

5

ஆனி பிறந்ததும் தளவாய் வந்தான். கண்ணில் துணிக்கட்டு. விடிந்ததும் வழக்கம்போல நேரே கொட்டகைக்குள் போனான். ஹெப்சிபா பின்னாலேயே ஓடினாள்.

"மிஷின் எங்கம்மா?"

"வித்துட்டேன். இசக்கி சொல்லலையா? அந்தத் துட்டுதான்..."

"ஒங்க நகையை வித்துத் தந்தீங்கன்னு நெனச்சாளாம். மிஷினுன்னு அவளுக்கும் தெரியாது."

"எங்கிட்ட ஏது நகை, தளவாய்?"

அவன் மிஷின் இருந்த இடத்தில் தரையைக் காலால் தடவினான். "நான் கேட்டேனாம்மா?"

"ஒம்ம கண்ணு போச்சே. நான் என்ன செய்ய?"

"ஒத்தைக் கண்ணனை எவன் வேலைக்கு வைப்பான்? வள்ளியூருக்கும் போய்ப் பாத்தேன். அண்ணாச்சி வாசல்லயே மூஞ்சியப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. நீங்க வச்சுக்கிடுவீங்கன்னுதானே படுக்கையை விட்டு எந்திரிச்சேன்."

"அந்தத் துட்டு இருக்கா? வேற மிஷின்..."

"பழைய கடன்காரன் வாசல்ல வந்து நின்னான். இசக்கி அவனுக்குக் குடுத்துட்டா."

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருவரும் வாடகைக்கு மிஷின் எடுக்கிறார்கள், எவன் கொடுப்பான்? இன்னொன்றில் தளவாய் கோபமாகப் போய்விடுகிறான். அது எனக்கு வசதி, அவளுக்கும் வசதி. ஆனால் அவன் போகவில்லை. வெறும் கொட்டகையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டான். போவதற்கு அவனுக்கு இடம் இல்லை.

"என்ன வேலை செய்யட்டும், சொல்லுங்க" என்கிறான்.

ஹெப்சிபா அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நிற்கிறாள். அவளுக்காக நான் எழுதிய எந்த வாக்கியமும் அவள் வாயில் நிற்கவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவன் வேலைக்கு வந்தவன், காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான்.